வெள்ளித் தண்ணீரில் மீட்டரை முக்கினால் என்ன தெரியும்?

போன இதழில் கேன் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பற்றியும் அதைக் காட்டும் பேனா வடிவ மீட்டர் பற்றியும் நாலு வரி எழுதியதுதான் தாமதம், "அதே பேனா மீட்டரை வைத்துக் கொலாய்டல் சில்வரையும் அளக்கலாமா?" என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: கொலாய்டல் சில்வர் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர். வீட்டிலேயே தயாரிக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: சார், ஆன்லைனில் பார்த்து நானே தயாரித்தேன். மூன்று 9 வோல்ட் பேட்டரி, இரண்டு சுத்த வெள்ளிக் கம்பி, ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர். இரண்டு மணி நேரம் கழித்து டிடிஎஸ் பேனாவை முக்கினால் 8 என்று காட்டுகிறது. அப்படியானால் என்னிடம் இருப்பது 8 பிபிஎம் (லிட்டருக்கு 8 மில்லிகிராம்) வெள்ளிதானே?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. அந்த 8 உங்கள் வெள்ளியைப் பார்த்துச் சொன்ன எண்ணே இல்லை.

பேனாவின் அடியில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள். மீட்டர் செய்வதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மாறுதிசை மின்சாரத்தை விட்டு, தண்ணீர் அதை எவ்வளவு சுலபமாகக் கடத்துகிறது என்று பார்ப்பதுதான். அதற்கு உண்மையில் தெரிவது மைக்ரோசீமென்ஸ் என்ற கடத்துதிறன் அளவு மட்டுமே. அப்புறம் அந்த எண்ணை உள்ளே இருக்கும் ஒரு பெருக்கு எண்ணால், பெரும்பாலும் 0.5 ஆல், பெருக்கி 'பிபிஎம்' என்று திரையில் போட்டுவிடும். இந்த 0.5 எங்கிருந்து வந்தது? சாப்பாட்டு உப்பிலிருந்து. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் உப்பு கரைந்தால் ஏறக்குறைய 2 மைக்ரோசீமென்ஸ் ஏறும், அதனால் பாதியாக்கினால் உப்பின் எடை வந்துவிடும். பல பேனாக்களை 342 பிபிஎம் உப்புக் கரைசலில் முக்கித்தான் அளவு சரிபார்த்து அனுப்புகிறார்கள். (0.7 ஆல் பெருக்கும் பேனாக்களும் உண்டு. உங்களுடையது எது என்று அட்டையில் போட்டிருந்தால் அதிர்ஷ்டம்.)

ஆகவே உங்கள் 8-க்கு அர்த்தம் என்னவென்றால், 'இதற்குள் இருப்பது சாப்பாட்டு உப்பாக இருந்தால் லிட்டருக்கு 8 மில்லிகிராம்' என்பதுதான். உள்ளே இருப்பது வெள்ளியா, செம்பா, சோடாவா, பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோப்பா, அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பேட்டரி முறையில் வெள்ளி இரண்டு வடிவத்தில் தண்ணீருக்குள் போகும். ஒன்று அயனி, அதாவது உப்பு கரைவதுபோலக் கரைந்துவிட்ட வெள்ளி. இன்னொன்று துகள், பல்லாயிரம் வெள்ளி அணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மிதப்பது. மின்சாரத்தைச் சுமப்பது அயனி. துகள் சும்மா மிதந்துகொண்டிருக்கும், மீட்டரின் கணக்கில் அது கிட்டத்தட்ட வராது. ஆனால் 'கொலாய்டல்' என்ற பெயர் எதற்கு? அந்தத் துகளுக்குத்தான்! பெயருக்கு உரியதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு நாம் பிபிஎம் பேசுகிறோம். வீட்டில் பேட்டரி வைத்துச் செய்ததில் பெரும்பகுதி அயனியாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு பாட்டிலை மூடி வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தால் பெரும்பாலும் குறைந்திருக்கும். வெள்ளி ஆவியாகிப் பறந்துவிடவில்லை. அயனிகளில் ஒரு பங்கு துகளாக மாறியிருக்கும், கொஞ்சம் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும். சிலர் மஞ்சள் நிறம் வருவதற்காகக் குளுக்கோஸ் சேர்த்துச் சூடாக்குகிறார்கள், அப்போதும் இதே கதைதான்: நிறம் ஏறும், மீட்டர் இறங்கும், வெள்ளியின் எடை இருந்தபடியே இருக்கும்.

கேள்வி: எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. என்னிடம் இருப்பது மைக்ரோசீமென்ஸ் காட்டும் ஈசி மீட்டர். 1 மைக்ரோசீமென்ஸ் என்றால் 1 பிபிஎம் வெள்ளி என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, நம்பலாமா? பட்டறையில் கிடக்கும் கம்பியையே இதற்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஈசி மீட்டரில் நேராகப் பார்ப்பது நல்லது. உப்பு என்று நினைத்துப் பெருக்கும் அந்த ஒரு யூகமாவது மிச்சம்.

நீங்கள் சொல்லும் கணக்கு அரை உண்மை. வெள்ளி அயனி நேர் மின்சுமை உள்ளது, அது தண்ணீரில் தனியாக இருக்க முடியாது, எதிர் மின்சுமை உள்ள ஒரு ஜோடி வேண்டும். மீட்டர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எண்ணும். புதிதாகத் தயாரித்த தண்ணீரில் ஜோடி ஹைட்ராக்சைடு அயனி, அது மின்சாரத்தைச் சுமப்பதில் மகா சுறுசுறுப்பு. அந்த ஜோடியோடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வெள்ளி இருந்தால் சுமார் 2.4 மைக்ரோசீமென்ஸ் காட்டும். டம்ளர் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து ஹைட்ராக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றும். அது மந்தமான ஆள். அப்போது அதே 1 மில்லிகிராம் வெள்ளி 1 மைக்ரோசீமென்ஸ்தான் காட்டும்.

ஆக, உங்கள் மீட்டரில் 16 வந்தால் கரைந்த வெள்ளி 6.6 பிபிஎம் ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மேலே கோவைக்காரர் பார்த்த 8-உம் 0.5 பேனாவாக இருந்தால் இதே 16 மைக்ரோசீமென்ஸ்தான். துகள் எவ்வளவு என்பது இதில் சேரவே இல்லை. அந்தக் கணக்கை முதலில் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவர் தண்ணீருக்கு அது பொருந்தியிருக்கலாம்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, முலாம் பூசும் ஊரில் அது புதிதும் இல்லை. மைக்கேல் ஃபாரடே 1830-களில் கண்டு சொன்னது: எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு உலோகம் கரையும். வெள்ளிக்கு அந்தக் கணக்கு, 1 மில்லியாம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 4 மில்லிகிராம். கம்பியோடு வரிசையில் ஒரு மல்டிமீட்டரை இணைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மில்லியாம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள் (நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும், அதனால் ஆரம்பத்தில் பார்த்த எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்), சராசரி எடுத்து, மணிக்கணக்கால் பெருக்கி, நாலால் பெருக்கினால் கம்பியை விட்டுக் கிளம்பிய வெள்ளி எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். கிளம்பியதெல்லாம் தண்ணீரில் தங்காது. கொஞ்சம் எதிர்க் கம்பியில் சாம்பல் நிறப் பஞ்சாகப் படியும், கொஞ்சம் அடியில் கறுப்பாக இறங்கும். ஆகவே இந்தக் கணக்கு சொல்வது உச்சவரம்பு. இருந்தாலும் இது வெள்ளியைப் பற்றிய எண், உப்பைப் பற்றியது அல்ல.

பட்டறைக் கம்பி வேண்டவே வேண்டாம். எத்தனை டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி, என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 92.5 கம்பியிலேயே மீதி ஏழரையில் பெரும்பாலும் செம்புதான், கொலுசு வெள்ளியில் இன்னும் கூடுதல். செம்பும் கரையும், மீட்டர் அதையும் சந்தோஷமாகக் கூட்டிக்கொள்ளும். பற்றாசு பட்ட துண்டாக இருந்து அதில் காட்மியம் கலந்திருந்தால் அது விஷம், விளையாட்டில்லை.

கேள்வி: கடையில் வாங்கிய பாட்டிலில் 500 பிபிஎம் என்று போட்டிருக்கிறது. என் பேனாவில் 15 வருகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மீட்டரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டிலின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் துப்பறியலாம்.

அந்த 500-உம் சில்வர் நைட்ரேட் போன்ற உப்பாகக் கரைந்திருந்தால் கடத்துதிறன் 600 மைக்ரோசீமென்ஸை நெருங்கும், உங்கள் பேனா 300 பக்கம் காட்டியிருக்கும். 15 தான் வருகிறது என்பதால் அது இல்லை. வெறும் தண்ணீரில் பேட்டரி வைத்துக் கரைத்த அயனியாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் சில்வர் ஆக்சைடு தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும், லிட்டருக்கு இருபது மில்லிகிராம் அளவோடு கதவு சாத்திவிடும். மிஞ்சுவது துகள். 500 பிபிஎம் துகள் இருக்கிறது என்றால் அந்தத் திரவம் கடுங்காப்பி மாதிரி இருக்க வேண்டும். சாதாரணமாக 10, 20 பிபிஎம் துகளுக்கே தண்ணீர் மஞ்சளாகிவிடும். ஜெலட்டின் மாதிரிப் புரதத்தோடு கலந்து விற்கும் வகை உண்டு, அது அடர்த்தியாக, பழுப்பாக இருக்கும், குலுக்கினால் நுரை நிற்கும்.

ஆகவே உங்கள் பாட்டில் கடுங்காப்பி நிறமென்றால் 500 உண்மையாக இருக்கலாம், மீட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்து, 15-உம் காட்டினால், ஆமாம், ஏமாந்துவிட்டீர்கள்.

இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது. இருட்டறையில் லேசர் பாயின்டரைப் பாட்டில் வழியாக அடித்தால் துகள் இருக்கும் தண்ணீரில் கதிர் கோடாகத் தெரியும் (பிறர் கண்ணில் அடித்துவிடாதீர்கள்). இதற்கு டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீரிலும் இதே கோடு தெரியும், அதனால் 'ஏதோ துகள் இருக்கிறது' என்பதற்கு மேல் இது பேசாது. இன்னொன்று, ஒரு ஸ்பூன் திரவத்தைத் தனியாக எடுத்து ஒரு கல் உப்புப் போடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் வெள்ளி அயனி இருக்கிறது, அது சில்வர் குளோரைடு. சோதித்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: கம்பியைப் போடுவதற்கு முன்பே டிஸ்டில்ட் வாட்டர் 3 காட்டுகிறது. மீட்டர் ரிப்பேரா?
– வாசகர், மதுரை

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சுத்தத் தண்ணீரின் கடத்துதிறன் 25 டிகிரியில் 0.055 மைக்ரோசீமென்ஸ்தான், ஆனால் அது பரிசோதனைக் கூடத்தில் மூடிய குழாயில் ஓடும் தண்ணீருக்கு. காற்றுப் பட்டாலே கார்பன் டைஆக்சைடு கரைந்து 1-ஐத் தொடும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் இன்னும் சுமார் ரகம். ஆரம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு கடைசி எண்ணிலிருந்து கழியுங்கள். 3-லிருந்து 8 என்றால் உங்களுக்குக் கிடைத்த மாற்றம் 5 தான். அப்புறம், இவ்வளவு கீழே அளக்க 84 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் சரிபார்ப்பது நல்லது, பலர் பயன்படுத்தும் 1413 கரைசல் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. தண்ணீரின் சூட்டையும் கவனியுங்கள், ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் எண் ஏறும். தானாகச் சரிசெய்துகொள்ளும் மீட்டர் என்றாலும் முக்கியவுடன் பார்க்காமல் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: சீக்கிரம் ஆகட்டும் என்று ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். ஐந்தே நிமிடத்தில் மீட்டர் 300-ஐத் தாண்டிவிட்டது! இவ்வளவு வேகமாகவா வெள்ளி கரையும்?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அந்த 300 நீங்கள் போட்ட உப்பு. கம்பியிலிருந்து வந்த வெள்ளியும் குளோரைடாகி வெள்ளைக் கலங்கலாகியிருக்கும், வெயில் பட்டால் அது கறுக்கும். சமையல் சோடா, வாஷிங் சோடா போட்டாலும் மீட்டர் சோடாவைத்தான் எண்ணும். கொட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வெள்ளிச் சொம்பு இருக்கிறது. இரவு முழுக்கத் தண்ணீர் வைத்து, காலையில் டிடிஎஸ் பார்த்தால் முந்தின நாள் எண்ணேதான் வருகிறது. வெள்ளி இறங்கவே இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இறங்கியிருக்கலாம், ஆனால் உங்கள் பேனாவால் அதைப் பார்க்க முடியாது. பேனாவின் மிகச் சின்னப் படி 1 பிபிஎம். சொம்பிலிருந்து இறங்கினால் அது மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதுவும் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஏற்கெனவே சில நூறு பிபிஎம் உப்போடு வந்திருக்கும்போது, கல்யாணக் கூட்டத்தில் கொசு ரீங்காரம் கேட்கிற கதை.

அவ்வளவு சொற்ப வெள்ளிக்கு வேலை இருக்கிறதா என்றால், கிருமிக்கு எதிராக இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகளைப் பிடித்துவைத்த ஒரு வடிகட்டிப் பொருளைப் பற்றி 2013-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதிலிருந்து தண்ணீருக்குள் வருவது லிட்டருக்கு சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளி, அதாவது 0.04 பிபிஎம். பாக்டீரியாவை ஒழிக்க அதுவே போதுமாயிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 வெள்ளிக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இவை எல்லாமே உங்கள் பேனாவின் முதல் படிக்கும் கீழே.

கேள்வி: அப்படியானால் எதை வைத்துத்தான் அளப்பது? கல்லூரி ப்ராஜெக்டுக்கு வேண்டும்.
– மாணவர், சென்னை

பதில்: முதலில் நைட்ரிக் அமிலம் சேர்த்துத் துகளையெல்லாம் கரைத்து அயனியாக்க வேண்டும். அப்புறம் ஏஏஎஸ் எனப்படும் அணு உறிஞ்சல் கருவியில் 328.1 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்தால் மொத்த வெள்ளி கிடைக்கும். ஐசிபி எனப்படும் பிளாஸ்மா கருவி இருந்தால் இன்னும் நுட்பமாகத் தெரியும். என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தண்ணீர் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றில் செய்து தருகிறார்கள், 'மொத்த வெள்ளி, அமிலத்தில் செரித்து' என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே 'தண்ணீர் டெஸ்ட்' என்று கொடுத்தால் டிடிஎஸ், பிஎச் பார்த்து ரிப்போர்ட் நீட்டிவிடுவார்கள். ஒருமுறை நானே ஒரு கூடத்தில் அப்படி வாங்கிக்கொண்டு வந்து, பணம் போனதுதான் மிச்சம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

துகள் மட்டும் எப்படி இருக்கிறது என்று பார்க்க உங்கள் கல்லூரியில் இருக்கும் யூவி-விசிபிள் கருவி (ஒளி உறிஞ்சலை அளப்பது) போதும், அதன் வரைபடத்தில் 400 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வரும். அயனியை மட்டும் பிரித்து அளக்க சில்வர் அயனி எலக்ட்ரோடு இருக்கிறது.

கையில் எடுத்துப் போகிற கருவிதான் வேண்டும் என்றால் பேனாவை விட்டுவிட்டு நிறமானிக்குப் போங்கள். வெள்ளிக்கென்றே மருந்துப் பொட்டலத்தோடு கையடக்க போட்டோமீட்டர்கள் கிடைக்கின்றன. தண்ணீரில் மருந்தைக் கலந்தால் வெள்ளியோடு சேர்ந்து நிறம் மாறும், மீட்டர் நிறத்தை அளக்கும். இவற்றின் எல்லை பெரும்பாலும் 1 பிபிஎம்முக்குள், அதனால் நீர்க்கச் செய்துதான் அளக்க வேண்டும், துகளை முதலில் அமிலத்தில் கரைக்கவும் வேண்டும்.

மாதிரி எடுத்துப் போகும் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு உங்கள் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். டிஸ்டில்ட் வாட்டரில் அலசிய புது பிளாஸ்டிக் பாட்டில், கறுப்புக் காகிதம் சுற்றி, அன்றைக்கே கொண்டு போங்கள்.

கேள்வி: என் மாமியார் யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதமாகத் தினமும் ஒரு ஸ்பூன் வெள்ளித் தண்ணீர் குடிக்கிறார். மீட்டர் வைத்துப் பார்த்து 10-க்குள் இருந்தால்தான் கொடுக்கிறோம். எத்தனை பிபிஎம் வரை பயமில்லை?
– வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்திவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வாழ்நாள் முழுக்க உட்கொண்டாலும் தீங்கில்லை என்று வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.3 மில்லிகிராம். உண்மையிலேயே 10 பிபிஎம் என்றால் ஒரு ஸ்பூனில் 0.05 மில்லிகிராம்தான், கணக்கு இடிக்காது. ஆனால் 10 என்று சொல்வது யார்? அந்தப் பேனா. துகளாக இன்னொரு 100 பிபிஎம் உள்ளே இருந்தாலும் அது 10 என்றுதான் சொல்லும், அப்போது ஒரு ஸ்பூனே வரம்பைத் தாண்டிவிடும்.

வெள்ளி உடம்பில் சேர்ந்தால் தோல் சாம்பல் கலந்த நீலமாகும், ஆர்ஜைரியா என்று பெயர், வந்தால் போகாது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் 2002 தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவர் ஊரறிந்த உதாரணம். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் படுத்து ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, வீட்டிலேயே தயாரித்துக் குடித்து நீலமானவர். அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே, வெள்ளி கலந்த இந்த மருந்துகள் எந்த நோய்க்கும் பாதுகாப்பானவை என்றோ பலனளிப்பவை என்றோ ஏற்கத்தக்கவை அல்ல என்று விதி போட்டுவிட்டது. மாமியார் தைராய்டு மாத்திரையோ சில வகை ஆன்டிபயாடிக்கோ சாப்பிடுகிறார் என்றால் அவை உடம்பில் சேர்வதையும் வெள்ளி குறைக்கலாம். இரண்டு மாதம் குடித்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "மீட்டர் பார்த்துத்தான் கொடுத்தோம்" என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு விஷயம் புரியும்.

கேள்வி: வெள்ளித் தண்ணீரில் முக்கி எடுத்த பேனாவை இனி ஆர்ஓ தண்ணீருக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: தாராளமாக. ஊசியை டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு முறை அலசி, உதறி, காயவிட்டு மூடி போடுங்கள். துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம்.